கிரீன்பெர்க்கா, கிளார்க்கா: திருவொற்றியூரில் உட்கார்ந்து மானேவைப் படிக்க

நவீன ஓவியத்தை ஒழுங்காகப் படிக்கலாம் என்று திருவொற்றியூரில் நாங்கள் நாலு பேர் ஞாயிறுதோறும் உட்கார ஆரம்பித்தபோது, எதிலிருந்து தொடங்குவது என்பதில்தான் முதல் சண்டை. அமெரிக்கக் கலை விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க்கா, பிரிட்டிஷ் கலை வரலாற்றாளர் டி. ஜே. கிளார்க்கா? நான் கிரீன்பெர்க் பக்கம் நின்றேன். மூன்றே மாதத்தில் கிளார்க்குக்கு மாறிவிட்டேன்.

கிரீன்பெர்க்கிடம் உள்ள வசதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1960இல் வந்த 'நவீனத்துவ ஓவியம்' சின்னக் கட்டுரை, ஒரே மூச்சில் படித்துவிடலாம். வாதமும் நேரானது. தத்துவவாதி கான்ட் தர்க்கத்தை வைத்தே தர்க்கத்தின் எல்லையைப் பார்த்த மாதிரி, ஓவியமும் தனக்கு மட்டுமே உரியது எது என்று தேடியது, வேறு எந்தக் கலையோடும் பங்கு போடாமல் கடைசியில் அதன் கையில் மிஞ்சியது பரப்பின் தட்டைத்தன்மை, அதை ஒளிக்காமல் முதலில் காட்டியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் மானே என்கிறார்.

கிளார்க்கின் 'நவீன வாழ்வின் ஓவியம்' எண்பதுகளின் நடுவில் வந்த தடிமனான புத்தகம். அதே நூற்றாண்டில் நகர நிர்வாகி ஓஸ்மான் பாரிஸை இடித்து அகலச் சாலைகள் போட்ட கதை, 1865 பாரிஸ் கண்காட்சியில் மானேவின் 'ஒலிம்பியா' ஓவியத்தைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்கள் கொதித்துப்போய் எழுதியவை என்று மெதுவாகத்தான் நகரும். பொறுமை வேண்டும், சந்தேகமே இல்லை.

என் மனதை மாற்றியது ஒரே விஷயம். எங்களிடம் இருப்பது ஓவியம் கிடையாது, ஓவியத்தின் படம். கிரீன்பெர்க்கைப் படித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, மறுமலர்ச்சிக்கால ஓவியர் ரஃபேல் ஒன்று மானே ஒன்று என்று மொபைலில் மாற்றி மாற்றிக் காட்டி, இதில் பரப்பு எப்படி முன்னால் வருகிறது பார் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எங்களில் சின்னவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, ரெண்டுமே தட்டையாத்தானே இருக்கு?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. கண்ணாடித் திரைக்குள் போனால் எல்லாமே தட்டைதான். சாயம் எங்கே தடித்து நிற்கிறது, துணி எங்கே வெளியே தெரிகிறது, எவ்வளவு தூரத்தில் நின்றால் உருவம் கலைந்து வெறும் தீற்றலாகிறது என்பதெல்லாம் அதில் வராது. கிரீன்பெர்க்கின் வாதம் முழுக்க அந்த இடத்தில்தான் உயிரோடிருக்கிறது. பாரிசுக்கோ லண்டனுக்கோ போகாதவன் அதை நம்பலாம், சோதிக்க முடியாது.

கிளார்க்கிடம் இந்தக் கஷ்டம் குறைவு. அவருக்கும் பரப்பு முக்கியம்தான், ஆனால் படத்துக்கு வெளியே இருப்பதையும் சேர்த்துக் கையில் கொடுக்கிறார். பாரிஸின் புறநகர் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், படகு, ஆர்ஜென்தெய் ஊரின் தொழிற்சாலைப் புகைபோக்கிகளை ஓவியர் மோனே எங்கே சேர்த்தார், எங்கே விட்டார் என்ற கேள்வி. அதைப் படித்த வாரமே எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று, இன்னொரு பிரெஞ்சு ஓவியர் சேராவின் 1884 ஓவியத்தை, ஆனியேர் ஆற்றங்கரையில் குளிக்கிறவர்களை, மொபைலில் திறந்தேன். கரையில் தொப்பியோடு ஒருவர் சாய்ந்திருக்கிறார், பக்கத்தில் நாய், ஒரு பையன் தண்ணீரில் நின்று கையைக் குவித்துக் கூப்பிடுகிறான், தூரத்தில் புகைபோக்கிகள். தலையைத் தூக்கினால் இங்கே அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், கீழே வலையை உதறிக்கொண்டு ஒரு பெரியவர். பாரிஸும் எண்ணூரும் ஒன்று என்று சொல்லவில்லை. அங்கே கூட்டம் பொழுதுபோக்க வந்தது, இங்கே அந்தப் பெரியவருக்குப் பிழைப்பே தண்ணீரில். ஆனால் ஓய்வும் ஆலையும் ஒரே சட்டகத்துக்குள் வரும்போது ஓவியன் எதைத் தள்ளிவைக்கிறான் என்ற கேள்வி எனக்கு அங்கேதான் நிஜமாகப் புரிந்தது.

கிளார்க்கின் பிற்காலப் புத்தகங்களை நான் இன்னும் முடிக்கவில்லை, அதனால் இந்தத் தீர்ப்பு இந்த ஒன்றுக்கு மட்டும். மானேவை நேரில் பார்த்தவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

அப்புறம், கிரீன்பெர்க்கை நாங்கள் தூக்கிப் போடவும் இல்லை. இஞ்சம்பாக்கம் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் அசல் ஓவியத்துக்கு முன்னால் நின்றபோது, மலையாள எழுத்து போலத் தெரிந்து படிக்க வராத அந்த வரிகள், ஜாதகக் கட்டம் மாதிரிக் கோடுகள் எல்லாம் பரப்போடு பரப்பாக ஒட்டிக் கிடந்தன, சின்னவன் பத்து நிமிஷம் நகரவே இல்லை. அடுத்த மாதம் மறுபடி போகிறோம். இந்தத் தடவை கிரீன்பெர்க் கட்டுரையின் ஜெராக்ஸை அவன்தான் எடுத்து வருகிறான்.