ராக்கெட் புளோயரும் தேரி மணலும்

இது கேமராவுக்குள் விழும் தூசியை ஊதித் தள்ளும் புளோயர் என்ற ஒரு ரப்பர் பம்ப்பைப் பற்றிய விமர்சனம். அமுக்கினால் காற்று வரும், விட்டால் உப்பிக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. இதற்கெல்லாம் ஒரு பதிவா என்று கேட்பவர்கள், ஒரு நாள் முழுக்க அலைந்து எடுத்த படங்களைக் கணினியில் போட்டுப் பார்க்கும்போது, எல்லாப் படத்திலும் வானத்தில் அதே இடத்தில் அதே சாம்பல் பொட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அனுபவம் இல்லாதவர்கள்.

எனக்கு அந்த அனுபவம் கிடைத்த இடம் குதிரைமொழித் தேரி. திருச்செந்தூர்ப் பக்கம், காயாமொழியை ஒட்டி, செக்கச்செவேலென்று மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மணல்காடு. இரும்புச்சத்து ஏறிய மணல், அதனால்தான் அந்த நிறம். நான் போனது ஆனி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றுக்கு அங்கே தடுக்க ஒன்றுமில்லை, மணல் மேட்டின் முகட்டில் புகை மாதிரி தூள் கிளம்பிக்கொண்டே இருந்தது. அது பார்க்க அழகாக இருந்தது, அந்த அழகைத்தான் படம் எடுக்கப் போயிருந்தேன், அதே தூள் கேமராவுக்குள்ளும் போகும் என்று மட்டும் ஏனோ தோன்றவில்லை. தூரத்துப் பனையில் ஒரு பருந்து. 24-105 லென்ஸைக் கழற்றி, தூரத்தைக் கிட்டே காட்டும் 100-400 மாட்ட வேண்டும். பையை மணலில் வைத்தேன், கேமராவை ஆஃப் செய்யாமலே, காற்றைப் பார்த்து நின்றபடி, ஒரு கையில் பாடி ஒரு கையில் லென்ஸ், பின்பக்க மூடி பைக்குள் எங்கேயோ. பத்து நொடி இருக்கும். பருந்து பறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து எண்ணினேன், பதினோரு பொட்டு.

கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் தம்பி ஒருவனிடம் புலம்பினால், "அண்ணே, மண்டபத்துல எஃப் 2.8-ஐ விட்டு யாரு நகருறா, பொட்டு இருந்தாலும் தெரியவா போகுது?" என்றான். அவன் சொன்னது உண்மைதான். தூசி, படத்தைப் பதியும் சென்சாரின் மேலேயே உட்காருவதில்லை, அதை மூடியிருக்கும் ஃபில்டர் கண்ணாடியின் மேல், கொஞ்சம் தள்ளித்தான் உட்காருகிறது. டியூப்லைட்டுக்குக் கீழே கையை நீட்டினால் தரையில் நிழல் மங்கலாகத்தான் விழும், வெயிலில் நீட்டினால் விரல் விரலாகத் தெரியும், இல்லையா? லென்ஸின் துவாரம் எஃப் 2.8 மாதிரி அகலமாகத் திறந்திருந்தால் டியூப்லைட் கதை, எஃப் 16-க்கு மூடினால் வெயில் கதை. நிலக்காட்சி எடுப்பவர்கள் மாட்டுவது அதனால்தான். உங்கள் கேமராவில் பார்க்க வேண்டுமானால் எஃப் 16 அல்லது 22 வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மனதைத் திடப்படுத்திக்கொண்டு பாருங்கள்.

அப்புறம் நான் செய்தது அடுத்த முட்டாள்தனம். கடைத்தெருவில் ஒரு கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு பெயர் தெரியாத புளோயர் ஒன்றை வாங்கி வந்து, ஆர்வமாக நாலு அமுக்கு அமுக்கினேன். மறுபடி வானத்தை எடுத்தால் பதினோரு பொட்டு இப்போது முப்பதுக்கு மேல் ஆகியிருந்தது. சந்தேகம் வந்து, அணைத்து வைத்த மொபைல் திரையின் மேல் அதே புளோயரை அமுக்கிப் பார்த்தேன். குழந்தைக்குப் பவுடர் போட்டது மாதிரி கறுப்புக் கண்ணாடியில் மெல்லிய வெள்ளைப் படலம். ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே தூவும் பவுடர் சில மலிவு பம்ப்புகளில் அப்படியே தங்கிவிடுகிறது, அதைத்தான் சென்சாருக்கு அபிஷேகம் செய்திருக்கிறேன். எந்த புளோயர் வாங்கினாலும் கேமரா பக்கம் கொண்டுபோகும் முன் இந்த மொபைல் திரைச் சோதனையைச் செய்துவிடுங்கள், ஐம்பது தடவை வெளியே அமுக்கிவிட்ட பிறகும் படலம் வந்தால் தூரப் போடுங்கள்.

பிறகுதான் ஜியோட்டோஸ் ராக்கெட் வாங்கினேன், பெரிய அளவு. அந்தப் பழையதைப் போலப் பல மடங்கு விலை. ரப்பருக்கா இவ்வளவு என்று ஆன்லைன் கூடையில் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, நாலு நாள் யோசித்தது நிஜம். பெயருக்கு ஏற்றபடி ராக்கெட் வடிவம், கீழே இறக்கைகள் இருப்பதால் மேசையில் நிமிர்ந்து நிற்கும், உருண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளியாது. ஆனால் காசு கொடுத்தது அதற்கில்லை, அடியில் இருக்கும் சின்ன வால்வுக்கு. சாதாரண புளோயர் ஊதிய மூக்கு வழியாகவே காற்றை உள்ளே இழுக்கும். அதாவது சென்சாரிலிருந்து கிளப்பிய தூசியை உறிஞ்சி, அடுத்த அமுக்கில் அதன் முகத்திலேயே திருப்பி அடிக்கும். இது பின்பக்கமாகக் காற்றை இழுத்து முன்பக்கமாக மட்டும் விடுகிறது. அமுக்கும்போது கைக்கு ஒரு எதிர்ப்பு தெரியும், காற்று 'புஸ்' என்று மெல்லிய கம்பி போல வரும். பவுடரை எல்லாம் கிளப்ப பதினைந்து இருபது அமுக்கு ஆனது. தேரி மணலின் பதினொன்றில் ஒன்பது போனது.

ஊதும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. லென்ஸைக் கழற்றிய கேமராவின் வாய் தரையைப் பார்க்க வேண்டும், நீங்கள் கீழிருந்து மேலே ஊத வேண்டும், கிளம்பிய தூசி கீழே விழட்டும். புளோயரின் மூக்கு, லென்ஸ் மாட்டும் வளையமான மவுண்டைத் தாண்டி உள்ளே நுழையவே கூடாது. மெனுவில் சென்சாரைக் கையால் துடைப்பதற்கென்று இருக்கும் அமைப்பைப் போட்டுத்தான் ஊத வேண்டும், டிஎஸ்எல்ஆர் என்றால் கண்ணாடி மேலே தூக்கி நிற்கும், அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் என்றால் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஷட்டர் திறந்திருக்கும். கேனான் 2018-ல் கொண்டுவந்த ஈஓஎஸ் ஆர் முதல், ஆஃப் செய்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும் மிரர்லெஸ் கேமராக்கள் வர ஆரம்பித்துவிட்டன. லென்ஸ் மாற்றும்போது அது நல்ல திரைதான், ஆனால் அந்தத் தகடுகள் ரொம்ப மெல்லியவை, மூடியிருக்கும் ஷட்டரின் மேல் ராக்கெட்டை வைத்துப் பலமாக அடித்துவிடாதீர்கள். வாயால் ஊதுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், எச்சில் தெறித்தால் அது தூசியைவிடப் பெரிய வேலை. டப்பாவில் அடைத்து வரும் காற்றும் வேண்டாம், சாய்த்துப் பிடித்தால் உள்ளே இருக்கும் திரவம் தெறித்து உறைந்துவிடும்.

மிச்சம் இரண்டு பொட்டு ராக்கெட்டுக்கு அசையவே இல்லை. இதுதான் இந்தப் பொருளின் எல்லை. காய்ந்த தூசியை விரட்டும், ஒட்டியதை ஒன்றும் செய்யாது. கேமராவே சென்சாரை அதிரவைத்து உதறும் வசதியும் அப்படித்தான், 2003-ல் ஒலிம்பஸ் ஈ-1-இல் வந்த அந்த நல்ல யோசனை இன்று பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது, அதுவும் மகரந்தப் பிசினிடமும் எண்ணெய்த் துளியிடமும் தோற்றுவிடும். எல்லாப் பொட்டுக்கும் நம் கையே காரணம் என்றும் இல்லை. நிக்கான் டி600-இல் சென்சாரில் பொட்டு விழும் புகார் பெரிதாகி, 2014-ல் அந்த நிறுவனமே இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரையும் மாற்றித் தருவதாக அறிவித்தது.

ஒட்டிய இரண்டுக்காக, சென்சாரைத் துடைக்கும் தட்டைக் குச்சியான ஸ்வாப் வாங்கினேன். முழு ஃபிரேம் சென்சாருக்கு 24 மில்லிமீட்டர் அகலம், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 16, மாற்றி வாங்கிவிடாதீர்கள். இரண்டு சொட்டு திரவம், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் ஒரே இழுப்பு, திருப்பி மறுபக்கத்தால் ஒரே இழுப்பு, குப்பையில் போடு. சிக்கனம் பார்த்து அதே ஸ்வாப்பால் இன்னொரு முறை இழுத்தால் கீறல் விழலாம். முக்கியம்: பேட்டரி முழுக்க இருக்க வேண்டும், நடுவில் தீர்ந்து ஷட்டர் வந்து ஸ்வாப்பில் மோதினால் செலவு வேறு கணக்கு. பொட்டைத் தேடும்போது படம் தலைகீழாக விழுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். படத்தில் மேலே இடது பக்கம் தெரியும் பொட்டு, கேமராவின் வாய்க்குள் நேராகப் பார்த்தால் கீழே இடது பக்கம் இருக்கும். இது தெரியாமல் சுத்தமான மூலையை அரைமணி நேரம் ஊதியிருக்கிறேன். கை நடுங்கும் என்றால் ஸ்வாப் பக்கமே போகாமல் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ராக்கெட் வாங்கிய பிறகு அதை சென்சாருக்கு உபயோகிப்பதைவிட லென்ஸின் பின்பக்கத்துக்கும் மூடிகளுக்கும்தான் அதிகம் உபயோகிக்கிறேன். மூடிக்குள் இருக்கும் தூசிதான் லென்ஸின் பின்கண்ணாடிக்குப் போய், அங்கிருந்து உள்ளே இறங்குகிறது. இப்போதெல்லாம் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, ஏசி காற்றாடியையும் நிறுத்திவிட்டுத்தான் மாற்றுகிறேன். அடுத்து மாட்டப்போகும் லென்ஸின் மூடியை முதலிலேயே தளர்த்தி மடியில் வைத்துக்கொள்வேன், கேமராவை ஆஃப் செய்வேன், வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, பழையது வெளியே, புதியது உள்ளே. குலசை தசராவுக்குப் போனபோது கடற்கரையில் அந்தக் கூட்டத்துக்கு நடுவே கழற்றவே இல்லை, ஒரே லென்ஸில் முழு இரவும் ஓட்டினேன். சில படங்கள் தவறின, பரவாயில்லை.

குறை என்று சொன்னால் அளவுதான், சின்னத் தோள்பையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு, எந்த ரப்பர் பம்ப்பானாலும் பைக்குள் கிடக்கும் நூலையும் தூசியையும் மேலே பூசிக்கொள்ளும், அதனால் ஜிப் கவரில் போட்டே வைக்கிறேன். வால்வு உறிஞ்சுவது அது இருக்கும் இடத்துக் காற்றைத்தானே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஜிப் கவர் காலியாக மேசையில் கிடப்பதைப் பார்த்தேன். போன வாரம் பையன் அதை எடுத்துப் போய் கேரம் போர்டில் பவுடரைப் பரப்ப ஊதிக்கொண்டிருந்திருக்கிறான், "சூப்பரா பரவுதுப்பா" என்று சொல்கிறான். மொபைல் திரையில் அமுக்கிப் பார்த்தேன். இரண்டாவது ராக்கெட் வியாழக்கிழமை வருகிறது.