தீத்தடுப்புக் கதவு: எஃகா, மரமா?

தாங்கும் நேரம்: மரக்கதவுகள் பெரும்பாலும் 30 அல்லது 60 நிமிடங்களுக்குச் சான்று பெற்றவை, எஃகுக் கதவுகள் 240 நிமிடங்கள் வரைகூடக் கிடைக்கின்றன.

வெப்பம்: உள்ளே வெப்பக்காப்பு நிரப்பப்படாத எஃகு, தீயைத் தடுத்தாலும் மறுபுறம் கடுமையாகச் சுடும் என்பதால், மக்கள் இறங்கிவரும் படிக்கட்டுப் பக்கத்துக்கு வாங்கும்போது இதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். மரம் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும்.

பராமரிப்பு: எஃகு துருப்பிடிக்கும், மரம் ஈரத்தில் உப்பும். உப்பிய விளிம்பைத் தச்சரிடம் கொடுத்து இழைத்துவிட்டால், சூட்டில் விரிந்து இடுக்கை அடைக்கும் பட்டை சேதமடைவதோடு சான்றும் செல்லாமல் போகக்கூடும். எந்தக் கதவானாலும் அது தானாக மூடித் தாழ் விழுகிறதா என்று அடிக்கடி பாருங்கள்; ஆப்பு வைத்துத் திறந்து வைப்பதை அனுமதிக்கவே வேண்டாம்.

கொதிகலன் அறைக்கும் கிடங்குக்கும் எஃகையும், குடியிருப்பு, அலுவலக உள்வழிகளுக்கு மரத்தையும் பரிந்துரைப்பேன்.