தேனுக்குப் பதில் வீட்டில் காய்ச்சும் பாகு: சில வருஷ அனுபவம்

அவசரத்தில் படிப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை, எலுமிச்சம்பழம், கொஞ்சம் பூ, இவ்வளவுதான் சாமான். இதில் காய்ச்சும் பாகு, அடுப்படியில் தேன் பார்க்கும் வேலையில் பெரும்பாலானதைப் பார்த்துவிடும். ஆனால் ஸ்பூனில் எடுத்து அப்படியே நாக்கில் வைத்தால் தேன் இல்லை என்று தெரிந்துவிடும். மருந்துக்கு ஆகாது. சர்க்கரை நோய்க்காரர்களுக்கு இதில் எந்தச் சலுகையும் கிடையாது.

மகள் வீகன் ஆனபோது, அதாவது பால், தேன் உட்பட விலங்கு, பூச்சிகளிடமிருந்து வரும் எதையும் சாப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தபோது, தொடங்கிய பழக்கம் இது. பாலுக்குத் தேங்காய்ப்பால், நெய்க்கு நல்லெண்ணெய் என்று மற்றதெல்லாம் சீக்கிரமே வழிக்கு வந்துவிட்டன. தேன் மட்டும் இழுத்தடித்தது. காலையில் எலுமிச்சை ஜூஸ், ஜாடியில் ஊறும் தேன் நெல்லி, தினை மாவு உருண்டை, எப்போதாவது போடும் கேக் என்று எங்கெங்கோ புகுந்திருந்தது. தேனை விலக்குவதை நேற்று முளைத்த நாகரிகம் என்று கிண்டல் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊன், கள், தேன் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து விலக்குவது சமணர்களின் பழைய வழக்கம். மேல்சித்தாமூர்ச் சமண மடத்தைச் சார்ந்த, நயினார் எனப்படும் தமிழ்ச் சமணக் குடும்பங்களைக் கேட்டால் இது அவர்களுக்குப் பாட்டன் காலத்துச் சங்கதி.

முதலில் சுலபமான வழிகளைப் பார்த்தோம். மேப்பிள் சிரப், அகேவ் சிரப் எல்லாம் இறக்குமதிச் சரக்கு. விலையைப் பார்த்தால் தேனே தேவலை. பேரீச்சம்பழச் சிரப் நல்ல பண்டம், பாலில்லாத கஞ்சிக்கும் தோசைக்கும் அருமை. ஆனால் நிறம் கறுப்பு, எதில் ஊற்றினாலும் பேரீச்சையின் வாசனை மேலே ஏறி நிற்கும். எலுமிச்சை ஜூஸில் விட்டால் பார்க்கவே பிடிக்காது. ஆப்பிள் ஜூஸைச் சுண்டக் காய்ச்சினால் தேன் மாதிரியே வரும் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், நிறமும் புளிப்பும் நன்றாக வரும். ஆப்பிளில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் அதிகம் என்பதால் அந்தப் பாகு சீக்கிரத்தில் பூக்காது, அதாவது சர்க்கரை மணல் மணலாகப் படியாது. ஆனால் ஒரு லிட்டர் ஜூஸுக்கு ஒரு சின்னக் கிண்ணம் தேறினாலே பெரிய விஷயம். ஊரில் ஆப்பிள் விற்கிற விலைக்கு இது கட்டுப்படியாகாது. காஷ்மீரிலோ இமாச்சலிலோ இருப்பவர்கள் செய்யட்டும்.

கடைசியில் நிலைத்தது சர்க்கரைப் பாகுதான். சாதாரணப் பாகு இல்லை, புளிப்புச் சேர்த்து நிதானமாகக் காய்ச்சிய பாகு. இந்த வித்தியாசம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். நிஜத் தேனில் சுமார் 38 சதவீதம் ஃபிரக்டோஸ், 31 சதவீதம் குளுக்கோஸ், 17 சதவீதம் சுற்றில் தண்ணீர். நாம் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையோ சுக்ரோஸ். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கை கோத்து நிற்பதுதான் சுக்ரோஸ். தேனீ தன் உமிழ்நீரில் உள்ள நொதியால் அந்தக் கையைப் பிரிக்கிறது. எலுமிச்சைப் புளிப்பும் சூடும் சேர்ந்து அதே வேலையை அடுப்பில் செய்யும். பிரிந்தபின் பாகுக்கு உறையும் புத்தி குறைந்துவிடும். கொஞ்சம் கூடுதல் இனிப்பு, வழவழப்பு, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் எல்லாம் வந்து சேரும். இங்கிலாந்தில் ஏப்ரம் லைல் 1880களில் விற்க ஆரம்பித்த கோல்டன் சிரப்பும் பாதி இந்த வகைதான். அந்தத் தகர டின்னில் செத்த சிங்கத்தைச் சுற்றித் தேனீக்கள் பறக்கும் படம் போட்டிருப்பார்கள். உள்ளே தேனீக்குச் சம்பந்தமான சொட்டு கிடையாது.

நான் காய்ச்சும் விதம் இது. ஒரு கிலோ சர்க்கரை, 400 மில்லி தண்ணீர், நம்மூர் நாட்டு எலுமிச்சை இரண்டின் சாறு, வடிகட்டியது. அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். புளிப்பு இருப்பதால் அலுமினியம் வேண்டாம். வெறும் தண்ணீருக்குப் பதிலாக, சீமைச் சாமந்தி டீயோ காய்ந்த ஆவாரம்பூவோ போட்டு இறக்கி வடிகட்டிய தண்ணீரை ஊற்றுவேன். சர்க்கரை கரையும்வரைதான் கிளறலாம். கொதி வந்தபிறகு கரண்டியை எட்ட வைத்துவிட வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த சர்க்கரைத் துணுக்கு ஒன்று உள்ளே விழுந்தால் போதும், பத்து நாளில் மொத்தப் பாட்டிலும் பூத்துவிடும். அதனால் நனைத்த பிரஷ்ஷால் ஓரத்தைச் சுற்றித் துடைத்துவிட வேண்டும்.

தீ மிகச் சின்னதாக இருக்க வேண்டும். முக்கால் மணி நேரம் ஆகும். பெரிய தீயில் கால் மணியில் பதம் வந்துவிடும், ஆனால் புளிப்புக்கு வேலை செய்ய நேரம் கிடைத்திருக்காது. அது வெறும் ஜீரா, தேன் பாகு இல்லை. தண்ணீர் சீக்கிரம் சுண்டினால் கொஞ்சம் வெந்நீர் விட்டு நேரத்தை நீட்டிக்கொள்ளலாம். ஆரம்பத்தில் நுரை பெரிது பெரிதாக உடையும். அரை மணிக்குமேல் குமிழ்கள் சின்னதாகி, நெருக்கமாகி, மெதுவாக வெடிக்கும். வாசனையும் மாறும், வெறும் இனிப்பு நெடி போய், வறுத்த மாதிரி ஒரு மணம் எழும். நிறம் கோதுமை வைக்கோல் நிறத்திலிருந்து பொன்னுக்கு வரும்போது இறக்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 108க்கும் 110 டிகிரிக்கும் நடுவில். இல்லாதவர்கள் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு நன்றாக ஆறவிட்டுத் தொட்டுப் பாருங்கள். சூட்டில் கம்பி பார்த்து இறக்கினால் ஆறியபின் ஸ்பூன் நிற்கும் கெட்டியாகிவிடும். குலாப் ஜாமூனுக்கு வைக்கும் பிசுக்குப் பதத்துக்கு ஒரு படி மேலே, ஒற்றைக் கம்பி விழுந்தும் விழாத நிலை. கிலோ சர்க்கரைக்கு ஒன்றேகால் கிலோ போலப் பாகு தேறும்.

வாசனைக்குச் சில குறிப்புகள். கொதிக்கும்போது போடும் பூவின் மணம் ஆவியோடு போய்விடும், நிறம்தான் மிஞ்சும். அதனால் இறக்கியபிறகு, பாத்திரத்தைக் கையால் தொட முடிகிற சூட்டில், நன்றாகக் காய்ந்த பன்னீர் ரோஜா இதழைத் துணியில் முடிந்து ஒரு ராத்திரி ஊறவிட்டு எடுத்துவிடுவேன். தேனில் தொண்டையில் நிற்கும் ஒரு லேசான காறல் உண்டல்லவா, அது இல்லாமல் பாகு தட்டையாக இருக்கும். அதற்கு ஒரு சிட்டிகை வேப்பம்பூ. ரசத்துக்கு வைத்திருக்கும் காய்ந்த பூவை வெறும் சட்டியில் வறுத்து, ரோஜா முடிச்சுக்குள்ளேயே போட்டுவிடலாம். சிட்டிகை என்றால் சிட்டிகைதான். இந்த ஒரு சேர்மானம்தான் 'சர்க்கரைத் தண்ணி' என்ற பேச்சை எங்கள் வீட்டில் நிறுத்தியது.

வெல்லத்திலும் கருப்பட்டியிலும் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ருசியும் நன்றாக இருக்கும், ஆனால் அது தேன் இருந்த இடத்துக்கு வராது. இன்னொன்று, இரண்டிலுமே தயாரிப்பில் சுண்ணாம்பு சேரும். நாம் விடும் எலுமிச்சையில் பாதி அந்தச் சுண்ணாம்பை முறிக்கவே போய்விடும். சாற்றைக் கூட்டி விடாவிட்டால் பாகு சீக்கிரம் மணல் தட்டும்.

ஒரு நாள் ஊரிலிருந்து வந்த என் மாமியார் அலமாரியில் பாட்டிலைப் பார்த்தார்.

"ஏம்மா, கொம்புத் தேனா, மலைத் தேனா?"

"நீங்களே பார்த்துச் சொல்லுங்க அத்தை" என்றேன்.

அவர் விடுவாரா. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விட்டார். கலையாமல் நூலாக இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. தினசரித் தாளைக் கிழித்து அதில் ஒரு சொட்டு வைத்தார், பின்பக்கம் ஈரம் தெரியவில்லை. நுனி விரலில் எடுத்து நாக்கில் வைத்துக் கொஞ்சம் யோசித்தார். "சுத்தத் தேன்தான், வேப்பந்தோப்புப் பக்கம் எடுத்தது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அடுப்பில் காய்ச்சியது என்று சொன்னபோது நம்பவே இல்லை.

இந்தப் பரீட்சைகளெல்லாம் அளப்பது கெட்டித்தன்மையை மட்டும்தான். தண்ணீர் குறைவான எந்தப் பாகும் டம்ளரில் நூலாகத்தான் இறங்கும். எறும்பு வராது, நாய் நக்காது என்பதெல்லாம் சும்மா. எறும்பு நிஜத் தேனுக்கும் வரும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேன்களை ஜெர்மனிக்கு அனுப்பி, கலப்படத்தை மூலக்கூறு அளவில் துருவிப் பார்க்கும் என்.எம்.ஆர். சோதனை செய்ய வைத்தது. அதில் மூன்றுதான் முழுதாகத் தேறின. நிறுவனங்கள் மறுத்தன, அது வேறு கதை. உள்நாட்டு ஆய்வகச் சோதனைகளில் பெரும்பாலானவை தேறிய பிறகுதான் அங்கே விழுந்தன. ஆய்வகத்துக்கே டிமிக்கி கொடுக்கும் பாகு இருக்கும்போது டம்ளர் தண்ணீர் எந்த மூலைக்கு! நான் செய்வதைத் தேன் என்று யாருக்கும் கொடுப்பதில்லை. பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டித்தான் அத்தைக்கும் கொடுத்தனுப்பினேன்.

இனி, எதற்குச் சரிப்பட்டது, எதற்குச் சரிப்படவில்லை. எலுமிச்சை ஜூஸ், இஞ்சி டீ, தினை மாவு உருண்டை மூன்றிலும் வித்தியாசமே தெரிவதில்லை. கேக், பிரெட்டில் தேனைவிடக் கொஞ்சம் மேல் என்றுகூடச் சொல்வேன். மறுநாளும் மூன்றாம் நாளும் மெத்தென்றே இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, ஃபிரக்டோஸ் சீக்கிரம் சிவக்கும். ஓவன் சூட்டை 10 முதல் 15 டிகிரி குறைத்துக்கொள்ளாவிட்டால் மேலே கருகி உள்ளே வேகாமல் நிற்கும். தேங்காய்ப்பால் குல்ஃபியில் சர்க்கரையில் கால்வாசியை எடுத்துவிட்டு இதைச் சேர்த்தால் கல்லாக உறையாமல் ஸ்பூன் இறங்கும்.

நெல்லிக்காய்தான் தகராறு. நெல்லி தன் தண்ணீரையெல்லாம் பாகில் விட்டுவிடும். நீர்த்த பாகில் ஈஸ்ட் குடியேறி நுரை கட்டும். மூடியைத் திறந்தால் கள் வாசனை அடிக்கும். தேனிலும் இது நடக்கும், ஆனால் தேன் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். இதற்கு வழி, நெல்லியை ஆவியில் வேகவைத்து, துணியில் துடைத்து, வெயிலில் சுருங்கக் காயவைத்துப் போடுவது. நாலைந்து நாள் கழித்து பாகை மட்டும் வடித்து மறுபடி சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகும் ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன்.

நெல்லி போடாத வெறும் பாகு, கண்ணாடிப் பாட்டிலில், ஈர ஸ்பூன் படாமல் வெளியிலேயே மாதக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. மழைக்காலத்தில் மூடி சரியாக இறுகாத பாட்டில் காற்றின் ஈரத்தை இழுத்து மேலாக நீர்த்துவிடும், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். மார்கழிக் குளிரில் சில சமயம் அடியில் மணல் தட்டும். வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி வைத்தால் கரைந்துவிடும்.

இருமலுக்குத் திரிகடுகு சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொல்வார்கள். அங்கே இந்தப் பாகை வைக்காதீர்கள்; வீகனாக இருந்தால் வெந்நீரிலா வெல்லத்திலா என்று வைத்தியரையே கேட்டுவிடுங்கள். காயத்திலும் தீப்புண்ணிலும் இதைத் தடவக் கூடாது. தேனில் ஒரு நொதி இருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. கிருமிக்கு எதிராகத் தேன் நிற்பதில் அதற்குப் பங்குண்டு. நம் பாகில் அது கிடையாது. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கத்துக்கும் இது மாற்று இல்லை. தேனில் பொட்டுலிசம் கிருமியின் வித்து இருக்கக்கூடும் என்பதால் ஒரு வயசு வரை தேனே கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். சர்க்கரைப் பாகும் அந்த வயசுக்குத் தேவையில்லாதது.

ருசியில் இது தோற்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். மார்த்தாண்டம் தேன் பெரும்பாலும் ரப்பர் மரத்தின் இலைக்காம்பில் சுரக்கும் நீரிலிருந்து வருவது, பூவிலிருந்துகூட இல்லை. அதற்கே தனி ருசி இருக்கிறது. மலைத் தேனில் பருவத்துக்கொரு வாசனை. அந்த அடுக்கடுக்கான மணத்தை நாலு பூவை ஊறவைத்துக் கொண்டுவர முடியாது. ரொட்டியில் அப்படியே ஊற்றிச் சாப்பிடும்போது என் கணவர் இன்னமும் முகம் சுளிக்கிறார், நியாயம்தான்.

அப்படியே ஊற்றிச் சாப்பிட என்றால் செடிகொடியிலிருந்து வருவதில் பதநீர்ப் பாகை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது என் கட்சி. இலங்கையில் எருமைத் தயிரில் ஊற்றும் கித்துள் பாணியும் இந்த வகைதான், அது கூந்தற்பனையில் இறக்குவது. மாசி, பங்குனியில் தெற்கே போனால் விடியற்காலையில் நல்ல பதநீர் கிடைக்கும். சுண்ணாம்பு அடியில் தெளியும்வரை அசைக்காமல் வைத்து, மேலாக வடித்து எடுத்து, எலுமிச்சை தாராளமாகப் பிழிந்து காய்ச்ச வேண்டும். பொங்கி வழியும், பக்கத்திலேயே நிற்க வேண்டும். கருப்பட்டி காய்ச்சுபவர்கள் ஆமணக்கு விதையைத் தட்டிப் போட்டு நுரையை அடக்குவார்கள். ஆமணக்கு விதையில் விஷம் உண்டு, பழகாத கைகள் வீட்டில் அதைச் செய்ய வேண்டாம், பாத்திரத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டால் போதும். லிட்டருக்கு 100 மில்லி பாகு வந்தால் சந்தோஷப்படலாம். கேஸ் செலவையும் சேர்த்தால் தேன் விலைக்கே வந்துவிடும். அதனால் சீசனில் ஒரு சின்னப் பாட்டில் மட்டும் அதில் காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்கிறோம், தோசைக்கும் ரொட்டிக்கும். ஜூஸுக்கும் கேக்குக்கும் வருஷம் முழுக்கச் சர்க்கரைப் பாகுதான் ஓடுகிறது.