பழைய நைலான் 66: பதினான்கு வருடப் பழக்கம்

ஒஹாயோவில் பக்கத்து வீட்டுப் பெரியவர் 2010-இல் வீட்டைக் காலி செய்தபோது, 120 டாலருக்கு என்னிடம் கொடுத்துவிட்டுப் போன ரைபிள் இது. ரெமிங்டன் நைலான் 66. பாயிண்ட் 22 என்ற சின்னத் தோட்டா. தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை மரமில்லை, பழுப்பு நைலான். எடை நாலு பவுண்டுதான், கையில் வாங்கினால் பொம்மை மாதிரி இருக்கும். போன மாதம் ஒரு துப்பாக்கிச் சந்தையில் இதே பழுப்புக்கு 450 டாலர் என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். பக்கத்திலிருந்த பச்சைக்கு 800. நின்று இரண்டு தடவை படித்தேன்.

1959-இல் கடைக்கு வந்தபோது இதன் விலை 49.95 டாலர். அப்போது ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனி, டூபாண்ட் என்ற ரசாயனக் கம்பெனியின் கையில் இருந்தது. நைலான் அவர்கள் கண்டுபிடித்த சரக்கு. பிளாஸ்டிக் துப்பாக்கியை யார் நம்புவார்கள்? ரெமிங்டனைச் சேர்ந்த டாம் ஃப்ரை என்பவர், மேலே வீசிய 1,00,010 சின்ன மரக்கட்டைகளைச் சுட்டு, ஆறே ஆறைத்தான் தவறவிட்டார். அதற்குப் பிறகு விற்பனைக்குக் குறைவில்லை. எண்பதுகளின் கடைசி வரை பத்து லட்சத்துக்கு மேல் போனது.

சுடுவதற்கு இன்றும் அருமையான சாமான். கட்டையின் பின்புறம் குழாயை இழுத்து, 14 தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே விட வேண்டும். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் என்ற இரும்புப் பகுதி நைலான் மேலேயே வழுக்கி ஓடுவதால் எண்ணெய் கேட்காது, குளிரில் கெட்டியாகிச் சிக்கவும் எண்ணெய் இல்லை. அலாஸ்காவிலும் வட கனடாவிலும் கடுங்குளிரில் வேட்டைக்காரர்கள் இதை விரும்பியது அதனால்தான். எங்கள் ஊர் ஜனவரியில், கையுறையைக் கழற்ற மனம் வராத காலையில்கூட என்னுடையது சிக்கியதில்லை. முழுசாகக் கழற்றிச் சுத்தம் செய்யும் ஆசை மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளைத் திரும்பப் பொருத்துவது பெரும்பாடு.

பத்து லட்சம் விற்ற சாமானுக்கு எதற்கு இந்த விலை? என் துப்பாக்கியின் மேல்மூடியைப் பார்த்தால் புரியும். மேலே இருப்பது மெல்லிய இரும்புத் தகட்டு மூடி. தூக்கி நடக்கும்போது உள்ளங்கை படுவது அங்கேதான். வியர்வை பட்டுப் பட்டு, இரும்பைத் துருவிலிருந்து காக்கும் நீலப்பூச்சு போய்த் துரு ஏறும். மலிவு என்பதால் வண்டியிலும் கொட்டகையிலும் போட்டு அடித்தார்கள், எவரும் பெட்டியில் வைத்துக் காக்கவில்லை. அதனால் பூச்சு கெடாமல், கட்டையில் பதித்த வெள்ளை வைர வடிவங்கள் மங்காமல் கிடைப்பது அபூர்வம். சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது அந்தப் பளபளப்புக்குத்தான்.

அடுத்தது நிறம். செனகா கிரீன் என்ற அந்தப் பச்சையை அறுபதுகளின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். லீவர் வைத்த நைலான் 76-ம், ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கையால் இழுக்கும் வகையான 10, 11, 12-ம் 1962 முதல் 64 வரைதான் வந்தன. அவற்றின் விலை இன்னும் மேலே.

பழையவற்றில் வரிசை எண் இருக்காது. 1968 அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்துக்கு முன்னால் அது கட்டாயமில்லை. தயாரித்த மாதம் தெரிய, குழலின் இடப்புறம் மூடிக்குப் பக்கத்தில் பொறித்த எழுத்தைப் பாருங்கள். பிளாக்பவுடர் (BLACKPOWDER) என்ற ஆங்கிலச் சொல்லோடு கடைசியில் ஓர் எக்ஸ் சேர்த்தால் 12 எழுத்து, 12 மாதம். என்னுடையதில் 'P' வருகிறது. அந்த வரிசையில் அது ஆறாவது, அதாவது ஜூன்.

2013-இல் ஒரு தப்பு செய்தேன். மூடியிலிருந்த துருவைக் கம்பி நாரால் தேய்த்தெடுத்து, கடையில் வாங்கிய நீலத் திரவத்தைப் பூசினேன். வீட்டு வெளிச்சத்தில் புதுசாய்த் தெரிந்தது. சந்தையில் ஒரு வியாபாரி அதைச் சாய்த்துப் பிடித்து, திட்டுத்திட்டாக இருந்த நிறத்தின் மேல் விரலை ஓட்டி, 200-க்கு மேல் தர மாட்டேன் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். துருவோடே விட்டிருந்தால் இன்னும் கூடக் கிடைத்திருக்கும்.

சுடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் தேய்ந்த பழுப்பே போதும், பச்சைக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு விலை கொடுக்காதீர்கள். குறி இரண்டிலும் ஒன்றுதான். நான் என்னுடையதை விற்கப் போவதில்லை. அசல் பூச்சுள்ள மூடி ஒன்றைத் தனியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கடைசியாகக் கண்ணில் பட்டதற்கு 90 டாலர் கேட்டார்கள்.