டர்போ வீல்: டிக்கா, ஃப்ரிக்‌ஷனா, இல்ல வெல்டே வேணாமா?

"டர்பைன் வீல்ல வெல்டு வச்சா பிச்சுக்கும்"னு பொத்தாம்பொதுவா சொல்லிடுறாங்க. ஆனா லாரில சுத்துற டர்போவுல (எக்ஸாஸ்ட் புகை வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்துற சாதனம்) டர்பைன் வீலும் ஷாஃப்ட்டும் வெல்டு பண்ணி ஒட்டினதுதான், வீல் பெரும்பாலும் இன்கோனல் 713சிங்கிற, சூடு தாங்குற நிக்கல் அலாய் வார்ப்பு, ஷாஃப்ட் அலாய் ஸ்டீல். அதனால எந்த வெல்டு, எந்த இடத்துலன்னு பாக்கணும்.

வீட்ல ஜெட் இன்ஜின் கட்டுறவங்க சில பேர் டிஸ்க்கைச் சுத்தி பிளேடை நிக்கவச்சு டிக் (TIG, ஆர்கான் வாயு விட்டு மின்பொறியில உருக்கி ஒட்டுற வெல்டு) அடிக்கிறாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, 5 கிராம் பிளேடு, மையத்துலேர்ந்து 30 மி.மீ, 1,00,000 ஆர்பிஎம், அடியில இழுக்குற இழுவை 1.6 டன்னுக்கு மேல! ஸ்பீடு டபுள் ஆனா இழுவை நாலு மடங்கு. அதைத் தாங்க வேண்டியது யாரு, உருகி உறைஞ்ச வெல்டு வரியும், பக்கத்துல சூடு பட்டு குணம் மாறின மெட்டலும்தான், அதுவும் ஆறும்போது சுருங்கி ஏற்கனவே உள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டு நிக்குது. அடிவரைக்கும் உருகாம விட்ட முடியளவு சந்து போதும், கிராக் அங்கேர்ந்து கெளம்பிடும். 713சி-ல 6 சதவீதம் அளவுக்கு அலுமினியம் இருக்கு, சூட்டுல பலம் தர்றதும் அதுதான், வெல்டு பண்ணா விரிசல் விடவைக்கிறதும் அதுதான். இன்கோனல் 718 இந்த விஷயத்துல எவ்வளவோ தேவலாம்.

ஃப்ரிக்‌ஷன் வெல்டுல எதுவும் உருகுறதே இல்ல, டர்போ கம்பெனிங்க வீலையும் ஷாஃப்ட்டையும் ஒட்டுறது இதுல, இல்லன்னா எலக்ட்ரான் பீம்ல. ஒண்ணைச் சுத்தவிட்டு இன்னொண்ணை அழுத்தினா ரெண்டும் களி மாதிரி இளகி ஓரத்துல பிதுங்கும், அழுக்கும் ஆக்சைடும் அதோடயே வெளிய போயிடும். எலக்ட்ரான் பீம்ல (எலக்ட்ரான் கதிரை அடிச்சு ஒட்டுறது) உருகும், ஆனா வாக்குவம்ல, ரொம்ப ஒடுக்கமா. இதைவிட முக்கியம் இடம்: ஜாயின்ட் வீலுக்குப் பின்னாடி, அச்சுக்குப் பக்கத்துல இருக்கு, இழுவையும் கம்மி சூடும் கம்மி. நெறைய வீல்ல அங்க ஒரு குழிவேற விட்டிருப்பாங்க, சூடு ஷாஃப்ட்டுக்கு ஏறாம இருக்க.

ஒருதடவை ஒரு பட்டறைல முறிஞ்ச ஷாஃப்ட்டை டிக் வச்சு ஒட்டி, லேத்ல கடைஞ்சு புதுசு மாதிரியே குடுத்தாங்க. ரெண்டு வாரம்கூட ஓடல. முறிஞ்ச முகத்துல சிப்பி ஓட்டு வரி மாதிரி கோடுகோடா, கிராக் வெல்டு ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா உள்ள நகர்ந்து போயிருக்கு, கடைசியா அறுந்த துண்டு மட்டும் சொரசொரன்னு.

வெல்டே இல்லாத வழியும் இருக்கு, கரண்ட் எடுக்குற பெரிய டர்பைன்ல டிஸ்க்ல காடி வெட்டி பிளேடைச் சொருகுவாங்க, கெட்டா அதை மட்டும் மாத்தலாம், உரசல்ல அதிர்வும் அடங்கும். சின்ன சைஸ்ல அதெல்லாம் கட்டுபடியாகாது.

ஜெட் கட்டுறேன்னு யாராவது கேட்டா, நல்ல நெலமைல இருக்க டர்போ வீலை ஷாஃப்ட்டோட வாங்கி பேலன்ஸ் பாத்து போடுங்கன்னுதான் சொல்வேன். டிக் செட்டை எக்ஸாஸ்ட் பைப்புக்கு வச்சுக்கங்க.