தகட்டை நம்பி வாங்கிய போர்க்கால லாரி: ஓர் எச்சரிக்கை

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவ ஜி.எம்.சி. லாரி ஒன்றை வாங்கிச் சீரமைக்கப் போய் நான் இருமுறை ஏமாந்தேன். முதலில் விற்றவரிடம், பிறகு பட்டறையில். விற்றவரால் நேர்ந்த இழப்பு பணத்தோடு முடிந்தது. பட்டறையால் நேர்ந்ததை எவ்வளவு செலவழித்தாலும் மீட்க முடியாது என்பதால், அதைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன்.

'1942இல் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட சிசிகேடபிள்யூ 353. எஞ்சின் உட்பட எல்லாம் தொழிற்சாலையில் பூட்டியபடியே இருக்கிறது' என்பது விற்றவரின் கூற்று. இந்தப் பெயரின் முதல் சி 1941ஆம் ஆண்டு வடிவமைப்பையும், இரண்டாவது சி வழக்கமான கேபினையும், கே முன்சக்கர இயக்கத்தையும், டபிள்யூ இயங்கும் இரட்டைப் பின் ஆக்சில்களையும் (சக்கர அச்சுகளையும்) குறிக்கின்றன. இதன் குட்டை வடிவமான 352இன் சக்கர இடைத்தூரம் 145 அங்குலம், 353இன் இடைத்தூரம் 164 அங்குலம். நான் டேப்பை வைத்து அளந்தேன், 164 சரியாக வந்தது. அந்த ஓர் அளவு சரியாக இருந்ததால் மற்ற அனைத்தும் சரியாக இருக்கும் என்று நம்பியது என் தவறு.

டேஷ்போர்டில் உள்ள சிறுபெட்டியின் கதவில் விவரத் தகடுகள் இருந்தன. அவற்றில் மாடல், வரிசை எண், ஒப்படைத்த தேதி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எண்பது ஆண்டுத் தகடு அப்படிப் பளிச்சென்று இருக்கலாமா என்ற ஐயம் அன்றைக்கு எனக்கு எழவில்லை. சீரமைப்பவர்களுக்காக இத்தகைய புதிய தகடுகள் வெளிப்படையாகவே விற்கப்படுகின்றன, அதில் தவறில்லை. வேண்டிய எண்ணை அதில் அடித்து, அதையே வண்டியின் பிறப்புச் சான்றாகக் காட்டி விற்பதுதான் மோசடி. இரும்புக் கூரைக்குப் பதில் கேன்வாஸ் போர்த்திய திறந்த கேபின் 1943 வாக்கில்தான் வந்தது. 1942 என்று தகடு சொன்ன என் வண்டிக்கோ திறந்த கேபின். கேபினைப் பின்னாளில் மாற்றியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் அந்தக் கேள்வியை விற்றவரிடம் நான் கேட்டிருக்க வேண்டும். உண்மையான எண், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் இடது சட்டத்தில், முன்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்விடத்தில் பெயின்ட் தடித்துப் படிந்திருந்தது. 'அதே எண்தான்' என்றார் அவர். நானும் சுரண்டிப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்தேன்.

வண்டியோடு ஒரு பெட்டி நிறைய ஆக்சில் உதிரிபாகங்களும் வந்தன. இந்த லாரியில் இருவகை ஆக்சில்கள் உண்டு: நடுவில் இரு பாதிகளாகப் பிரிந்து போல்ட்டால் இணைந்திருப்பது ஸ்பிளிட் வகை, ஒரே கூடாக வட்டமாக இருப்பது பான்ஜோ வகை. என் வண்டி பான்ஜோ. பெட்டியில் இருந்தவை அனைத்தும் ஸ்பிளிட் வகைக்கானவை. எஞ்சினைப் பிரித்தபோது அடுத்த அதிர்ச்சி காத்திருந்தது. இந்த லாரிக்குரிய 270 கன அங்குல எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீட்டர். இதில் ஏறத்தாழ 97 மில்லிமீட்டர்தான் இருந்தது. வெளித்தோற்றத்தில் அதைப் போலவே இருக்கும் 248 கன அங்குல எஞ்சின் அது. போருக்குப் பின் பணிமனைகளில் எஞ்சின் மாற்றுவது வழக்கமே என்பதால் எஞ்சின் மாறியிருந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. 'தொழிற்சாலையில் பூட்டியபடியே' என்ற சொல்லைத்தான் குறை சொல்கிறேன்.

இனிப் பட்டறைக்கு வருகிறேன். முதலில் வண்டியை அடையாளம் காண வேண்டும், அதுவரை பழைய பெயின்ட்டைத் தொடக் கூடாது என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தேன். எழுதிக் கையெழுத்து வாங்காதது என் பிழை. பானெட்டின் பக்கங்களில் ராணுவப் பதிவெண் எழுதப்பட்டிருக்கும். இந்த எடைப்பிரிவு லாரிகளுக்கு அது 4இல் தொடங்கும். நீர் தெளித்து, நைசான உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்தால், பெயின்ட் அடுக்குகள் ஒவ்வொன்றாக விலகி, பழைய எண் நிழல்போலத் தெரியவரும். நான் ஊரில் இல்லாத ஒரே நாளில் பானெட், பின்பலகை எல்லாவற்றையும் மணல் வீசி வெள்ளை இரும்பாக்கிவிட்டார்கள். சேசிஸ் எண் இருந்த இடத்தில் பெயின்ட் கரைப்பானைத் தடவித் துடைத்திருந்தாலே போதும். அவர்கள் கிரைண்டரை ஓட்டி முன் இலக்கங்களைத் தட்டையாக்கியிருந்தார்கள். கேட்டதற்கு, 'சுத்தமாகத்தானே கேட்டீர்கள்?' என்றார் பட்டறைக்காரர்.

பின்பக்க வில்பட்டைகளைத் தாங்கும் இடத்தில் சேசிஸ் துருப்பிடித்து அரித்திருந்ததை, வெட்டிப் புது இரும்பு வைக்காமல், பட்டி போட்டு நிரப்பி மேலே ஆலிவ் பச்சை அடித்திருந்தார்கள். காந்தம் அங்கே ஒட்டவில்லை, சுத்தியலால் தட்டியபோது சத்தம் மந்தமாக வந்தது. பாரம் ஏற்றிப் பள்ளத்தில் இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. டயரைச் சக்கரத்தோடு பிடித்து நிறுத்தும் பூட்டு வளையங்களில் ஒன்று விரிசல் கண்டிருந்தது. அதன் மேலும் பெயின்ட் அடித்து, காற்றும் நிரப்பியிருந்தார்கள். காற்றடிக்கும்போது அவ்வளையம் தெறித்தால் எதிரில் நிற்பவர் உயிர் பிழைப்பது அரிது.

சேசிஸில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தப்பின. அவை தகட்டில் உள்ள எண்ணோடு பொருந்தவில்லை. தகட்டைக் கழற்றி, அது போலி என்று எழுதிய தாளோடு ஆவணக் கோப்பில் வைத்திருக்கிறேன். வண்டி கைமாறும் நாளில் அந்தத் தாளும் அதனுடன் போகும்.