விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன்: பூட்டில்லாத பேனாக்கத்தியும் சட்டத்தின் அளவுகோலும்

பேனாக்கத்தியை மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் எஃகின் தரத்தையும், கூர்மை எவ்வளவு காலம் நிற்கிறது என்பதையும், கைப்பிடி உள்ளங்கையில் எப்படிப் பொருந்துகிறது என்பதையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மேசை இழுப்பறையில் கிடக்கும் கத்திக்கு அது போதும். பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியதும் அதே கத்தி சட்டத்தின் கணக்குக்குள் வந்துவிடுகிறது. கத்தியை வைத்திருப்பது வேறு, பொது இடத்தில் எடுத்துச் செல்வது வேறு என்பதைப் பல நாட்டுச் சட்டங்கள் தெளிவாகவே பிரித்துப் பார்க்கின்றன. சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸின் ஸ்பார்ட்டன் மாதிரியை நான் இங்கே எடைபோடுவது அந்த இரண்டாவது கணக்கின்படிதான்.

மடக்கிய நிலையில் இதன் நீளம் 91 மில்லிமீட்டர்; எடை ஏறத்தாழ 60 கிராம். பெரிய அலகு (வெட்டும் தகடு) ஒன்று, சிறிய அலகு ஒன்று, டின் திறக்கவும் புட்டி மூடியைக் கழற்றவும் உதவும் கருவிகள், கார்க் திருகு, துளையிடும் ஊசி, கைப்பிடியில் செருகிய சிறு இடுக்கி, பல்குத்தும் குச்சி ஆகியவை இதில் அடங்கும். பெரிய அலகைத் திறக்க வேண்டுமானால், அதன் முதுகுக்கு அருகே உள்ள மெல்லிய பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தைப் பதித்து இழுக்க வேண்டும். அப்போது மற்றொரு கை கைப்பிடியைப் பற்றியிருக்க வேண்டும். அலகு முழுதாகத் திறந்ததும் பின்புற ஸ்பிரிங் ‘டக்’கென்று அதை நிறுத்துகிறது. அந்த ஸ்பிரிங்கின் அழுத்தம் ஒன்றே அலகைத் திறந்த நிலையில் வைத்திருக்கிறது. பூட்டு எதுவும் கிடையாது. நுனியால் குத்தித் துளைக்கும் வேலையில் அலகு விரல்மேல் மடங்கிவிடும் அபாயம் உண்டு என்பதால், கத்திப் பிரியர்கள் பலர் இதை ஒரு குறையாகவே கருதுகிறார்கள். வேலை என்ற அளவில் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் இந்தக் கத்தியைச் சட்டைப்பைக்கு உரியதாக்குவதும் அதே குறைதான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பொது இடத்தில் கூர்முனையோ வெட்டும் விளிம்போ உள்ள பொருளைத் தக்க காரணமின்றி வைத்திருப்பது அச்சட்டப்படி குற்றம். வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு உண்டு. சட்டம் அளக்கச் சொல்வது அலகின் முழு நீளத்தையன்று, வெட்டும் விளிம்பை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்பார்ட்டனின் பெரிய அலகே சுமார் 7 சென்டிமீட்டர்தான். அடிப்பகுதியில் கூர் தீட்டப்படாத சிறு பட்டையைக் கழித்தால் வெட்டும் விளிம்பு இன்னும் குறையும். ஆகவே 7.62 சென்டிமீட்டர் என்ற எல்லைக்குள் சிரமமின்றி அடங்கிவிடுகிறது. நீளம் அடங்கினாலும், திறந்தபின் பூட்டிக்கொள்ளும் கத்திக்கு இந்த விலக்கு இல்லை. பொத்தானையோ நெம்பையோ அழுத்தினால்தான் மடங்கும் கத்தியை மடக்குக் கத்தி என்று கொள்ள முடியாது என 1990-களின் தொடக்கத்திலேயே அந்நாட்டு உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. விரலைக் காக்கும் பூட்டு அங்கே வழக்கில் மாட்டிவிடும் பூட்டாகிறது. இதைப் படித்தபோது எனக்கு விசித்திரமாகத்தான் பட்டது. ஆயினும் சட்டத்தின் அக்கறை கத்தியைப் பயன்படுத்துபவரின் விரலைப் பற்றியதன்று, எதிரே நிற்பவரைப் பற்றியது என்று எண்ணிப் பார்த்தால் அதன் தர்க்கம் விளங்கும்.

இதே தர்க்கம் ஜெர்மனியில் வேறு உருவம் எடுக்கிறது. அங்கே 2008 முதல், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்தியையும், அலகு 12 சென்டிமீட்டரைத் தாண்டும் மடங்காக் கத்தியையும் நியாயமான தேவையின்றி எடுத்துச் செல்லக் கூடாது. பூட்டிய பெட்டிக்குள் வைத்துக் கொண்டுசெல்லலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுவிஸ் படைவீரர்களுக்கென்று விக்டோரினாக்ஸ் 2008-இல் உருவாக்கிய 111 மில்லிமீட்டர் கத்தி ஒரு கையால் திறக்கும், பூட்டிக்கொள்ளும். எனவே ஜெர்மன் எல்லையைத் தாண்டினால் அது இந்தக் கட்டுப்பாட்டில் சிக்கிவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் ஆயுதச் சட்டமோ, சுவிஸ் ராணுவப் பேனாக்கத்தியும் அது போன்றவையும் அபாயகரமான பொருள்கள் ஆகமாட்டா என்று பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கிறது. இரண்டு கையும் நகமும் கேட்கும் ஸ்பார்ட்டனுக்கு ஜெர்மனியில் அந்தச் சிக்கல் எழுவதில்லை. எனினும் 2024 அக்டோபர் இறுதியில் ஜெர்மனி விதிகளை இறுக்கியபின், பொதுத் திருவிழாக்களில் அலகின் நீளம் பாராமல் எல்லாக் கத்திகளுக்கும் தடை உண்டு. கூட்டம் கூடும் இடத்துக்குப் போகும்போது ஸ்பார்ட்டனையும் வீட்டிலேயே வைத்துவிட வேண்டியதுதான்.

ஜப்பானில் அலகு 6 சென்டிமீட்டரைத் தாண்டும் கத்தியைத் தக்க காரணமின்றி எடுத்துச் செல்லக் கூடாது. 8 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சில மடக்குக் கத்திகளுக்கு விலக்கு உண்டு. அதற்கான நிபந்தனைகளில் ஒன்று, மீண்டும், பூட்டு இருக்கக் கூடாது என்பது. அங்கே விலக்குப் பெற்ற கத்தியையும் காரணமின்றி மறைத்து வைத்திருந்தால் சிறு குற்றங்களுக்கான தனிச் சட்டம் ஒன்று பாயும்.

இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வேறு கோணத்தில் தொடங்குகிறது. தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைத்த பொருளா, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உரிய பொருளா என்பதே அதன் முதல் கேள்வி. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுகளைக் குறிப்பிடுகின்றன. அந்த அளவுக்குப் பட்டாக்கத்திதான் பொருந்தும், பேனாக்கத்தி கிட்டேகூட வராது. ஆனால் குறிப்பிட்ட பகுதிக்கென்று தனி அறிவிக்கை வெளியிடவும் அச்சட்டம் இடம் கொடுக்கிறது. டெல்லியில் 1980-இல் வெளியான அறிவிக்கை, பட்டன் கத்தி (பொத்தானை அழுத்தினால் அலகு திறக்கும் கத்தி) போன்று ஸ்பிரிங்காலும் இயந்திர அமைப்பாலும் திறப்பவற்றை, அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினால் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதே 3 அங்குலம் இங்கேயும் தலைகாட்டுகிறது. ஒரு நாட்டுக்குள்ளேயே ஊருக்கு ஊர் விதி மாறலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மாநிலச் சட்டங்களைப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் பெரிது.

இத்தனையும் இருக்க, நான் கத்தி வாங்கிய இணைய விற்பனையாளரின் பக்கத்தில் ‘உலகெங்கும் எடுத்துச் செல்லத்தக்கது’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு, பொருளைத் திருப்பி அனுப்பும் முறையைப் பதிலாக அனுப்பினார்கள்! எந்தக் கத்திக்கும் அப்படி ஒரு உறுதிமொழி கொடுக்க முடியாது. அளவெல்லாம் சரியாக இருந்தாலும், ஒருவரைத் தாக்கும் எண்ணத்தோடு வைத்திருந்தால் இங்கிலாந்தில் 1953-ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டப்படி அதே பேனாக்கத்தி ஆயுதமாகிவிடும். ‘தற்காப்புக்கு வைத்திருக்கிறேன்’ என்று காவலரிடம் சொல்வது பாதுகாப்பான பதில் என்று பலர் நினைக்கிறார்கள். கருவி என்ற நிலையிலிருந்து ஆயுதம் என்ற நிலைக்குக் கத்தியைத் தாமே தள்ளிவிடும் வாக்குமூலம் அது.

விமானப் பயணத்தில் ஸ்பார்ட்டன் தேறாது. ஐரோப்பிய ஒன்றியம் கைப்பையில் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகைத் தடுக்கிறது. 6 சென்டிமீட்டர் வரை அனுமதிக்கும் விதியைக் கனடா 2017-இல் கொண்டுவந்தபோதும் அமெரிக்காவுக்குச் செல்லும் விமானங்களுக்கு அதைப் பொருத்தவில்லை. அமெரிக்காவில் சிறு கத்திகளை அனுமதிக்க 2013-இல் எடுத்த முயற்சி எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. சரக்கில் போடும் பெட்டிக்குள் வைப்பதே வழி. விக்டோரினாக்ஸ் நிறுவனமே, நாடுகள் கத்திச் சட்டங்களை இறுக்கிவருவதைச் சுட்டி, அலகே இல்லாத கருவிகளை உருவாக்கிவருவதாக 2024-இல் அறிவித்தது. பயணிகளுக்கு அது உதவும். அன்றாடம் கயிறு அறுக்கவும் அட்டைப்பெட்டி பிரிக்கவும் கத்தி தேடுபவருக்கு அதனால் என்ன பயன் என்பது எனக்கு விளங்கவில்லை.

எஃகைப் பற்றிச் சொல்வதானால், மென்மையான வகை. கூர் சீக்கிரம் மழுங்கும், அதே சீக்கிரத்தில் தீட்டவும் வரும். கார்க் திருகு எனக்குத் தேவைப்படவே இல்லை. தினமும் கையோடு வைத்துக்கொள்ள ஒரு கத்தி கேட்பவருக்கு ஸ்பார்ட்டனையே பரிந்துரைப்பேன். நுனியால் அழுத்தித் துளையிடும் வேலை உள்ளவர் 111 மில்லிமீட்டர் வகையில் பூட்டுள்ள ஒன்றை வாங்கி, வேலை நடக்கும் இடத்திலேயே கருவிப்பெட்டியில் வைத்துவிடட்டும். எல்லை கடந்து செல்பவர், போகும் நாட்டின் காவல்துறையோ சுங்கத்துறையோ வெளியிட்டுள்ள விதியைப் புறப்படுமுன் படித்துவிட வேண்டும். விற்பனையாளரின் வரியை அதற்கு ஈடாகக் கொள்ள வேண்டாம்.